நடுத்தட்டு

வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது விதி.
"ஊசி" என்று சொல்லித் தட்டில் வைப்பேன்.
என் கை விலகியபின் எதேரி எடுப்பாள்.
முடிந்ததும் அவள் வைப்பாள், நான் எடுப்பேன்.
ஒரே நேரத்தில் இரண்டு கை
அந்தத் தட்டுக்குள் இருக்கக் கூடாது.
பதினோரு வருடமாக
ஒருத்தி கையை ஒருத்தி தொடாமல்
சேர்ந்து வேலை பார்க்கிறோம்.

குத்தாய்சியில் பிப்ரவரி.
ரியோனி ஆறு சேற்றைக் கரைத்துக்கொண்டு போனது.
இரவு இரண்டரைக்கு
மலைக் கணவாயிலிருந்து ஒரு லாரிக்காரனைக் கொண்டுவந்தார்கள்.
ஸ்டியரிங் வயிற்றில் ஏறியிருந்தது.
போந்தோ, வயது நாற்பத்தேழு என்றது உரிமம்.
ரத்தத்தில் என்ன ஓடுகிறதென்று
எந்த உரிமத்திலும் எழுதுவதில்லை.

அதனால்தான்
பாதிரியார் படுத்தாலும் இரண்டு கையுறை,
பிறந்த குழந்தை படுத்தாலும் இரண்டு கையுறை.
உள்ளே பச்சை, மேலே வெள்ளை.
மேலுறை ஓட்டையானால்
ஈரம் புகுந்து பச்சை கருத்துக் காட்டும்.
கண்ணுக்கு மறைப்பு.
கணுக்கால்வரை பிளாஸ்டிக் அங்கி.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது இதெல்லாம் ஏது?
மின்சாரம் இல்லாத குளிர்காலங்கள்.
ஒரே உறையைக் கழுவி
மாவு தூவிக் காயவைத்து
மறுபடி மாட்டினோம்.
டாக்டர் ஷோத்தா ரத்தம் ஊறிய காலுறையோடு
வீட்டுக்கு நடந்து போவார்.
கல்லீரல் சுருங்கிச் செத்தபோது ஐம்பது ஆகவில்லை.
எந்த நாள், எந்த ஊசி
என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

போந்தோவின் மண்ணீரல் மூன்று துண்டாகக் கிடந்தது.
உறிஞ்சுகுழாய் அடைத்துக்கொண்டது.
"சீக்கிரம்" என்றாள் எதேரி.
நான் தட்டைத் தாண்டி
ஊசியை நேரே நீட்டினேன்.
ஒரே ஒரு தடவை.
அவளும் பார்க்காமல் கை நீட்டினாள்.

சத்தமே இல்லை.
வெள்ளைக்கு அடியில், ஆள்காட்டி விரலோரம்
கடுகளவு கரும்பச்சை.
பிறகு மிளகளவு.
பிறகு ஒரு காசு.

"குத்திருச்சு" என்றாள்,
மழை வருது என்பதுபோல.
கவ்வி ஒன்றைப் போட்டு
ரேசோவைப் பிடிக்கச் சொல்லிப் பின்னால் நகர்ந்தாள்.
நான் போக முடியாது, கருவிகள் என் பொறுப்பு.
முதுகுக்குப் பின்னால் குழாய்த் தண்ணீர்.
விரலைப் பிழியாதே, பிழியாதே
என்று எனக்குள் சொல்லிக்கொண்டு
ரேசோவுக்கு எடுத்துவைத்தேன்.
தட்டில்.

விடிந்ததும் படிவம்.
ஊசி எவ்வாறு கைமாறியது?
இரண்டு கட்டங்கள்: தட்டு வழி, நேரடி.
எதேரி முதல் கட்டத்தில் குறியிட்டிருந்தாள்.
கேட்டால், "எனக்கு நினைவில்லை" என்றாள்.
எனக்கு இருந்தது.
அடித்துவிட்டு மற்றதில் குறியிட்டு
என் பெயரையும் எழுதினேன்.
அன்று பகல் முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் போந்தோ கண் விழித்தான்.
ரத்தம் சோதிக்கச் சம்மதமா என்றதற்கு
"என்னை என்னன்னு நினைச்சீங்க?" என்று சீறினான்.
எதேரியின் விரலில் பிளாஸ்திரி இருந்தது.
அதைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான்.
"தொண்ணூற்றாறுல" என்றான்,
"குடியிருப்பு மாடிப்படிக்குக் கீழ
ஒரே ஊசி, அஞ்சு பேர்.
அப்புறம் நான் தொடவே இல்லை.
சோதிச்சும் பார்க்கலை."
கையை நீட்டினான்.

அட்டையில் இரண்டு கோடு.
"இப்போ மாத்திரை இருக்கு, பயப்படாதீங்க"
என்று எதேரிதான் அவனுக்குச் சொன்னாள்,
கட்டிலோரம் உட்கார்ந்து, வெகுநேரம்.

அவள் வீட்டில் இப்போது பல்தேய்க்கும் தூரிகை
தனி டம்ளரில் இருக்கிறதாம்.
கணவர் எனக்குத் தொலைபேசியில் சொன்னார்.
ஆறாம் வாரம் சுத்தம்.
மூன்றாம் மாதமும் சுத்தம்.

இன்றைக்குக் குடலிறக்கம், சாதாரணம்தான்.
"ஊசி" என்றேன்,
தேவைக்கு மேலேயே சத்தமாக.
ரேசோ சிரித்தான்.
எதேரி சிரிக்கவில்லை.
என் கை தட்டைவிட்டு
முழங்கைவரை விலகும்வரை காத்திருந்தாள்.

செவிலியர் அறை நாள்காட்டியில்
ஆகஸ்ட் பதினான்கின்மேல்
பச்சை மையில் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன்,
கடுகளவு.